புதுச்சேரியில் ஒரு கடைக்குள் கார்டுப் போட்டி நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொம்மைகளும் மாடல்களும் போர்டு விளையாட்டுகளும் விற்கும் சிறு கடை ஒன்றில், மேஜிக், போக்கிமான், யு-கி-ஓ, ஒன் பீஸ் போன்ற சேகரிப்புக் கார்டு விளையாட்டுகளுக்குப் போட்டி நடத்த நினைப்பவர்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எட்டுப் பேரிலிருந்து முப்பத்திரண்டு பேர் வரை கலந்துகொள்ளும் ஒருநாள் போட்டியை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன.

எந்த விளையாட்டுக்குப் போட்டி வைப்பது?

உங்கள் கடைக்கு வருபவர்கள் எதை வாங்குகிறார்களோ அதற்குத்தான். பெருநகரங்களில் எது பரபரப்பாக ஓடுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்தால், அறிவிப்பு அழகாக இருக்கும், நாற்காலிகள் காலியாக இருக்கும்.

ஒவ்வொரு விளையாட்டுக்கும் டெக் (ஒருவர் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டு) கட்டும் விதி வேறு என்பதால், நடத்துபவருக்கு இந்த அடிப்படை மனப்பாடமாக இருக்க வேண்டும். 1993-இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் வடிவமைப்பில் வெளிவந்த மேஜிக்தான் இந்த வகை விளையாட்டுகளுக்கு மூத்தது. அதில் டெக்கில் குறைந்தது 60 கார்டுகள் வேண்டும், அடிப்படை நிலக் கார்டுகள் தவிர ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, மாற்றுக்கென 15 கார்டுகள் வரை தனியே வைத்துக்கொள்ளலாம். 1996-இல் ஜப்பானில் தொடங்கிய போக்கிமானில் டெக் சரியாக 60. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் தவறு. 1999-இல் வந்த யு-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை, ஒரே கார்டு மூன்று வரை. 2022-இல் பந்தாய் வெளியிட்ட ஒன் பீஸில் ஒரு தலைவர் கார்டும், 50 கார்டு டெக்கும், 10 டான் கார்டுகளும் வேண்டும்.

வருபவர்களில் சிலரிடம் பெட்டி பெட்டியாகக் கார்டுகளும் சிலரிடம் ஒரே ஒரு தொடக்க டெக்கும் இருக்கும் நிலையில், பாக்கெட்டை அங்கேயே பிரித்து டெக் கட்டும் முறையே நியாயமானது. மேஜிக்கில் ஆளுக்கு ஆறு பூஸ்டர் பாக்கெட் (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத மூடிய பாக்கெட்) பிரித்துக் குறைந்தது 40 கார்டு டெக் கட்டுவார்கள். போக்கிமானின் பில்ட் அண்ட் பேட்டில் பெட்டியைக் கொண்டும் 40 கார்டு டெக் கட்டலாம். அப்போது ஆட்டத் தொடக்கத்தில் ஒதுக்கி வைக்கும் பரிசுக் கார்டுகள் ஆறுக்குப் பதில் நான்கு. கையில் எதுவுமே இல்லாமல் முதல்முறை வருபவரும் மற்றவர்களோடு ஒரே கோட்டில் நிற்க இது ஒன்றுதான் வழி. ஆனால் ஆளுக்கு ஆகும் செலவு அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நிறுவனத்தின் அங்கீகாரம் இல்லாமல் நடத்தலாமா?

நடத்தலாம். நண்பர்கள் கூடி விளையாடும் போட்டிக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் அதிகாரப்பூர்வப் போட்டி என்று விளம்பரம் செய்வதும், நிறுவனத்தின் சின்னத்தைச் சுவரொட்டியில் அச்சிடுவதும், புள்ளிகளும் சிறப்புப் பரிசுக் கார்டுகளும் உண்டு என்று சொல்வதும் அங்கீகாரம் பெற்ற கடைகளுக்கு மட்டுமே உரியவை. மேஜிக்குக்கு விசார்ட்ஸ் ப்ளே நெட்வொர்க், போக்கிமானுக்கு ப்ளே! போக்கிமான், யு-கி-ஓவுக்கு கொனாமியின் அதிகாரப்பூர்வப் போட்டிக் கடைத் திட்டம் என ஒவ்வொன்றுக்கும் தனி வாசல் உண்டு. முதலில் அங்கீகாரம் இல்லாத சில போட்டிகளை ஒழுங்காக நடத்திப் பழகிவிட்டு, பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. மேசை, கூட்டம், பழக்கம் மூன்றும் இல்லாமல் வாங்கிய அங்கீகாரம் சுவரில் மாட்டிய சான்றிதழாகவே இருந்துவிடும்.

கார்டு என்றதும் பெற்றோர் சூதாட்டமா என்று கேட்கிறார்கள். சட்டப்படி இதில் சிக்கல் உண்டா?

பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. சிரித்து ஒதுக்காமல் விடை சொல்ல வேண்டும். திறமையே முதன்மையாக உள்ள விளையாட்டையும், அதிர்ஷ்டத்தின் மீது பணம் கட்டும் சூதையும் நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே பிரித்துப் பார்த்து வந்துள்ளன. 1968-இல் ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில், ரம்மி முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1996-இல் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், வெற்றி பெருமளவு திறமையைப் பொறுத்தே அமையும் போட்டிகள் சூதாட்டம் ஆகா என்று தெளிவுபடுத்தியது. டெக்கை வீட்டில் யோசித்துக் கட்டி, விதிப்புத்தகத்தின்படி ஆடும் இந்த விளையாட்டு திறமையின் பக்கம் நிற்கிறது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ஆனால் 1968 தீர்ப்பின் இன்னொரு பகுதியையும் படிக்க வேண்டும்: ஆட்டத்தை நடத்தும் இடத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்தே இலாபம் எடுத்தால் கதை மாறக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. ஆகவே மூன்று கட்டுப்பாடுகளைத் தளர்த்தாமல் வைத்திருங்கள். பரிசு ரொக்கமாக இருக்கக் கூடாது. கட்டணம் முழுவதும் பரிசுப் பொருளாகத் திரும்புகிறது என்பதைக் கணக்குடன் சுவரில் ஒட்ட வேண்டும். விளையாடுபவர்களோ வேடிக்கை பார்ப்பவர்களோ முடிவின் மீது பந்தயம் கட்டினால், தொகை பத்து ரூபாயாக இருந்தாலும், அன்றே வெளியேற்ற வேண்டும். விளையாட்டு நிறுவனங்களின் போட்டி விதிகளும் பந்தயத்தைத் தடை செய்கின்றன. கடைக்கு வெளியே தெருவில் பந்தல் போடுவதானால் நகராட்சியிடமும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொண்டே போட வேண்டும்.

பெற்றோருக்கு இதைவிடப் பயனுள்ள விடை ஒன்று உண்டு: ஒரு நாற்காலி போட்டு, ஒரு சுற்றை முழுவதுமாக உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்?

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் உங்கள் கடை நகரின் நடுவில் இருந்தால், மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறு சந்தை கூடும் நாளில் இருசக்கர வண்டி நிறுத்தவும் இடம் கிடைக்காது. வார இறுதி என்றால் நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் சுற்றுலாக் கூட்டம் வேறு. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கம் கடை உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. நகரின் நடுவில் இருப்பவர்களுக்கு இரண்டாம் சனிக்கிழமை ஓரளவு நல்லது.

ஆகஸ்ட் 15 வேண்டாம். சுதந்திர நாளும் அரவிந்தரின் பிறந்த நாளும் சேர்ந்து வருவதால் ஆசிரமத்தைச் சுற்றிய தெருக்கள் நிரம்பியிருக்கும். ஆடி மாத வீராம்பட்டினம் தேர் நாளும் மாசி மகமும் அப்படியே. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள். இங்கு விடுமுறை என்பதால் பொருத்தமாகத் தோன்றும், ஆனால் கடலூரிலிருந்து வரும் மாணவர்களுக்கு அன்று பள்ளி இருக்கலாம். மார்ச் முழுவதும் பொதுத் தேர்வுக் காலம்; பதினேழு வயதுக்காரர் வந்து கெஞ்சினாலும் அந்த மாதத்தில் பெரிய போட்டி வைக்காமல் இருப்பதே கடையின் பெயருக்கு நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, நகரின் பழைய கடைகள் பலவும் மதியம் அடைத்து மாலையில் திறக்கும் வழக்கத்தை நீங்கள் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். வியாபாரம் மந்தமாக இருக்கும் அந்த மதிய இடைவெளியில்தான் போட்டியின் பெரும்பகுதி நடக்க வேண்டும். பதினாறு பேர், நான்கு சுற்று என்றால், ஒரு சுற்றுக்கு 50 நிமிடமும், முடிவு எழுதி அடுத்த ஜோடிகளை அறிவிக்கச் சுமார் 15 நிமிடமும் சேர்த்து, மொத்தம் நாலேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆகும். காலை பத்தரைக்குத் தொடங்கி, இரண்டு சுற்று முடித்து, முக்கால் மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால், நான்கு மணிக்குள் பரிசு கொடுத்துவிடலாம். கடலூர், நெய்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வெளிச்சத்திலேயே பேருந்து ஏறிவிடுவார்கள்; உங்களுக்கும் மாலை வியாபாரத்துக்குக் கடை காலியாக இருக்கும். பத்தரை என்று அறிவித்தால் பத்தரைக்கே முதல் சுற்று தொடங்க வேண்டும். பத்து நிமிடம் தாமதித்து வந்தவருக்கு முதல் ஆட்டம் தோல்வி என்பதை முதல் போட்டியிலேயே நடைமுறைப்படுத்திவிட்டால், அடுத்த போட்டிக்கு எல்லோரும் பத்து மணிக்கே வந்து நிற்பார்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கார்டுகளைப் பரப்பி ஆடும் விரிப்பான ப்ளே மேட் ஒன்று சுமார் 60 செ.மீ. நீளமும் 35 செ.மீ. அகலமும் கொண்டது. எதிரெதிரே இரண்டு மேட் விரிக்க மேசையின் குறுக்களவு குறைந்தது 70 செ.மீ. இருக்க வேண்டும். ஆறடி மேசையில் கணக்குப்படி மூன்று ஜோடிகள் உட்காரலாம். ஆனால் டெக் பெட்டி, பகடை, தண்ணீர்ப் பாட்டில், முழங்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு ஜோடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதினாறு பேருக்கு நான்கு மேசை போதும்.

பந்தல் கடையில் வாடகைக்குக் கேட்டால் பெரும்பாலும் பந்திக்குப் போடும் நீள மேசையைத்தான் அனுப்புவார்கள். ஒரு பக்கம் மட்டும் இலை போட்டுப் பரிமாறுவதற்கான அந்த மேசை அகலம் குறைந்தது. எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருவருடைய கார்டு மற்றவருடைய மேட்டின் மேல் ஏறும். இரண்டு மேசையை நீளப் பக்கங்கள் சேரும்படி ஒட்டிப் போட்டு, மேலே ஒரு துணி விரித்து, நழுவாமல் நான்கு மூலையிலும் கிளிப் மாட்டினால் சரியாகிவிடும். மேசைகளுக்கு எண் ஒட்ட மறக்க வேண்டாம். எண் இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் ‘யார் எங்கே’ என்பதிலேயே போய்விடும்.

கடற்கரை ஊரில் ஈரப்பதமும் மின்விசிறியும் தொந்தரவாகுமா?

இரண்டும் தொந்தரவுதான், அதிலும் ஈரப்பதம் விளையாட்டின் நேர்மையையே பாதிக்கும். பளபளப்பான ஃபாயில் கார்டின் ஒரு பக்கம் மெல்லிய உலோகப் படலம், மறுபக்கம் காகித அட்டை. காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், படலம் விரியாது. அதனால் கார்டு படம் உள்ள பக்கமாகக் கிண்ணம்போல் உள்வளையும். ஐப்பசி, கார்த்திகையில் உறையில்லாத ஃபாயில் கார்டு ஒன்றை மேசை மேல் வைத்துவிட்டுச் சற்றுநேரம் கழித்துப் பார்த்தால், அதன் நான்கு மூலைகளும் மேசையை விட்டு எழுந்து நிற்கும். இப்படி வளைந்த கார்டு ஒன்று டெக்கில் இருந்தால், எதிராளி டெக்கை வெட்டும்போது விரல் தானாகவே அந்த இடத்தில் போய் நிற்கும். வேண்டுமென்று செய்யாவிட்டாலும் விதிப்படி அது அடையாளமிட்ட கார்டு. அதற்குத் தண்டனை உண்டு.

வீரர்களிடம் சொல்ல வேண்டியது: எல்லாக் கார்டையும் ஒரே வகை, ஒரே நிறப் புது ஸ்லீவில் (கார்டு உறையில்) போடுங்கள், டெக் பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், ஐயம் உள்ள ஃபாயிலுக்குப் பதிலாக அதே கார்டின் சாதாரணப் பதிப்பை வையுங்கள். ஸ்லீவ் வாங்கும்போது அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மேஜிக்கும் போக்கிமானும் 63 × 88 மி.மீ.; யு-கி-ஓ 59 × 86 மி.மீ. என்பதால் சிறிய ஸ்லீவ் வேண்டும். பெரிய ஸ்லீவில் சிறிய கார்டு போட்டால் கலைக்கும்போது உள்ளேயே நழுவி, மூலைகள் மடங்கும்.

மின்விசிறியை நிறுத்த முடியாது. மே மாதத்தில் நிறுத்தச் சொல்பவர் போட்டியையே நிறுத்தச் சொல்கிறார் என்று பொருள். கூரை விசிறியை நடுத்தர வேகத்தில் வைத்து, மேசை விசிறிகளைச் சுவரை நோக்கித் திருப்பிவிடுங்கள். ஆட்டத்தில் அடையாளமாக வைக்கும் டோக்கனுக்குத் துண்டுக் காகிதம் வைப்பதைத் தடை செய்து, சோழி, புளியங்கொட்டை, கண்ணாடிக்கல் ஏதாவது ஒன்றைக் கிண்ணத்தில் வையுங்கள். மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வாசல் வெளிச்சத்தில் ஆடலாம். போட்டி நடத்தும் கணினிக்கு மட்டும் மின்கலன் நிரம்பியிருக்க வேண்டும்.

தோற்றால் வெளியே என்ற முறையா, சுவிஸ் முறையா?

சுவிஸ் முறை. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நாக் அவுட்டில் பதினாறு பேரில் எட்டுப் பேர் முதல் ஒரு மணி நேரத்தில் வெளியே போய்விடுவார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து அம்மாவோடு பேருந்தில் வந்த பன்னிரண்டு வயதுப் பையன் இருபது நிமிடம் ஆடிவிட்டுத் திரும்பிப் போனால், அடுத்த முறை அவனும் வரமாட்டான், அவன் அம்மாவும் அனுப்பமாட்டார்.

1895-இல் சூரிச் நகரச் சதுரங்கப் போட்டியில் முதலில் பயன்பட்டதால் சுவிஸ் முறை என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டில், யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி பெற்றவர்கள் மோதுவார்கள். ஒருமுறை மோதியவர்கள் மீண்டும் மோத மாட்டார்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1, தோல்விக்கு 0. எட்டுப் பேருக்கு மூன்று சுற்று, பதினாறு பேருக்கு நான்கு, முப்பத்திரண்டு பேருக்கு ஐந்து என்று வைத்தால், சமன் எதுவும் இல்லாதபோது, தோல்வியே காணாதவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார்.

பதினாறு பேர் நான்கு சுற்று ஆடி முடிக்கும்போது, நான்கையும் வென்றவர் ஒருவர், மூன்று வென்றவர்கள் நால்வர், இரண்டு வென்றவர்கள் ஆறு பேர், ஒன்று வென்றவர்கள் நால்வர், எதுவும் வெல்லாதவர் ஒருவர் என்று நிற்கும். இப்போது ‘முதல் நால்வருக்கு அரையிறுதி’ என்று நீங்கள் அறிவித்திருந்தால், மூன்று வென்ற நால்வரில் ஒருவர் மட்டும் தசமப் புள்ளிக் கணக்கில் வெளியே நிற்பார். நான்கையும் வென்றவரோ, அரையிறுதியில் ஒருமுறை தடுக்கினால் கோப்பையை இழப்பார். ஆகவே பதினாறு பேர் வரை அரையிறுதி, இறுதி எதுவும் வேண்டாம். தோல்வி காணாதவரே வெற்றியாளர். முப்பத்திரண்டு பேர் வந்து, ஐந்து சுற்றுக்குப் பின் எட்டுப் பேரை எடுத்து மூன்று நாக் அவுட் சுற்றும் வைத்தால், சாப்பாட்டு இடைவேளை இல்லாமலே எட்டரை மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு கூட்டம் வந்தால் முதல் நால்வரோடு நிறுத்துங்கள்.

ஒரே புள்ளி பெற்றவர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

அவரவர் எதிராளிகள் எப்படி ஆடினார்கள் என்பதை வைத்து. ஒருவரோடு மோதிய ஒவ்வொருவருடைய வெற்றி விகிதத்தையும் எடுத்துச் சராசரி போடுவார்கள்; வலுவான எதிராளிகளைச் சந்தித்தவருக்கு முன்னுரிமை. மிகவும் பலவீனமான எதிராளி அமைந்ததற்காக ஒருவர் அதிகம் தண்டிக்கப்படக் கூடாது என்பதால், மேஜிக்கில் எந்த எதிராளியின் விகிதமும் 33 விழுக்காட்டுக்குக் கீழே கணக்கிடப்படுவதில்லை. போக்கிமானில் அந்த வரம்பு 25.

இதனால் எழும் புகார் ஒன்று எப்போதும் உண்டு: இருவரும் மூன்று வென்று ஒன்று தோற்றிருக்க, முதல் சுற்றில் தோற்றவர் பெரும்பாலும் கடைசிச் சுற்றில் தோற்றவருக்குக் கீழே இருப்பார். காரணம், முதலிலேயே தோற்றவர் அடுத்தடுத்துத் தோற்றவர்களோடு ஜோடி சேர்க்கப்படுகிறார். கடைசியில் தோற்றவரோ வரிசையாக வென்றவர்களையே சந்தித்து வந்திருக்கிறார். இதைப் போட்டி தொடங்கும் முன்பே விளக்கிவிடுங்கள். பட்டியல் வெளியான பிறகு விளக்கினால் சாக்குச் சொல்வதுபோலவே கேட்கும்.

ஒற்றைப்படை எண்ணிக்கையில் வந்தால்?

அந்தச் சுற்றில் ஒருவருக்குப் பை. அதாவது ஆடாமலே வெற்றிப் புள்ளி. முதல் சுற்றில் குலுக்கல் முறையிலும், பிறகு புள்ளி குறைந்தவருக்கும் போகும்; ஒருவருக்கே இருமுறை கொடுக்கக் கூடாது. கடை ஊழியர் ஒருவர் கையில் ஒரு டெக்கோடு இருந்தால், பை பெற்றவர் அந்த ஐம்பது நிமிடமும் சும்மா உட்காராமல் அவரோடு நட்பாட்டம் ஆடலாம்.

நேரம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை என்றால்?

மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லும் மோதலுக்கு 50 நிமிடம் என்பது பொதுவான அளவு. மேஜிக்கில் மணி அடித்ததும் நடந்துகொண்டிருக்கும் முறையை (ஒருவர் ஆடும் வாய்ப்பை) முடித்து, மேலும் ஐந்து முறைகள் ஆடுவார்கள். அப்போதும் முடியாவிட்டால் அந்த ஆட்டம் சமன். மற்ற விளையாட்டுகளுக்கு அவற்றின் விதிப்புத்தகத்தில் வேறு நடைமுறை உண்டு. நடப்புப் பதிப்பைப் பார்த்து, அச்செடுத்து, நடுவர் மேசையில் வையுங்கள். எல்லோர் கண்ணிலும் படும் ஒரே கடிகாரம் வேண்டும். அவரவர் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், ஐந்து பேருக்கு ஐந்து நேரம்.

நடுவர் யார்? கடைக்காரரே ஆடலாமா?

விதி தெரிந்தவர், குரல் உயர்த்தாதவர், அன்று ஆடாதவர். இந்த மூன்றில் கடைசியானதே முக்கியம். சிறு போட்டிகளில் நடத்துபவர் ஆடுவதைச் சில விளையாட்டுகளின் விதிகள் நிபந்தனையோடு அனுமதிக்கின்றன. ஆனால் கடைக்காரர் ஆடி, அவருடைய கடைப் பரிசை அவரே வென்றால், ஊரில் என்ன பேசுவார்கள் என்பதற்கு விதிப்புத்தகத்தில் விடை இல்லை.

ஐயம் வந்தால் இருவரும் கார்டுகளைத் தொடாமல் கையைத் தூக்கி நடுவரை அழைக்க வேண்டும். நடுவர் விதியைச் சொல்வார். ‘இந்தக் கார்டை இப்போது போடலாமா’ என்பதற்கு விடை சொல்லலாம், ‘போடுவது நல்லதா’ என்பதற்குச் சொல்லக் கூடாது. சுற்றி நின்று பார்க்கும் நண்பர்களுக்கும் இதே கட்டுப்பாடு. தவறுகளில் தெரியாமல் செய்தது, கவனக்குறைவாகச் செய்தது, வேண்டுமென்றே செய்தது என்ற வேறுபாட்டைப் பார்த்து, எச்சரிக்கையிலிருந்து ஆட்டத் தோல்வி, மோதல் தோல்வி, வெளியேற்றம் வரை போகலாம். புதியவர் இரண்டு கார்டு எடுக்க வேண்டிய இடத்தில் மூன்று எடுத்துவிட்டால் திருத்திவிட்டு நகருங்கள். நேரம் போக்குவதற்காகவே ஒருவர் ஒவ்வொரு முறையும் கலைத்துக்கொண்டிருந்தால், அவரைத்தான் கண்டிப்போடு நடத்த வேண்டும்.

வார இறுதியில் புதுச்சேரிக்கு வருபவர்கள் எல்லோரும் கார்டு விளையாட வருவதில்லை என்பதும் தெரிந்ததே. மது அருந்திவிட்டு வந்தவருக்கு, அவர் எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும், அன்று மேசையில் இடமில்லை.

போலிக் கார்டுகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

இது நம் ஊரில் பெரிய பிரச்சினை. பள்ளிக்கூட வாசலிலும் ஃபேன்சி கடையிலும் தொங்கும் பொன்னிறப் பிளாஸ்டிக் போக்கிமான் கார்டுகளைச் சிறுவர்கள் உண்மை என்றே நம்பிக் கட்டுக்கட்டாகக் கொண்டு வருகிறார்கள். அவை கண்ணுக்கே தெரிந்துவிடும். காகிதத்தில் அச்சிட்ட போலிகளுக்குத்தான் சோதனை தேவை. உண்மைக் கார்டின் அட்டை பல அடுக்குகளால் ஆனது; நடுவே கருமையான பசை அடுக்கு இருப்பதால் கைப்பேசி விளக்கைப் பின்னால் பிடித்தால் ஒளி குறைவாகவே ஊடுருவும்; போலியில் பளிச்சென்று தெரியும். எழுத்துகளின் விளிம்பு மங்கியிருப்பது, பின்பக்க நிறம் வெளிறியோ ஊதா கலந்தோ இருப்பது ஆகியவையும் அடையாளங்கள். ஐயமற்ற ஒரு கார்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி.

போட்டியில் அவற்றை அனுமதிக்கக் கூடாது. ஆனால் எட்டு வயதுக் குழந்தையிடம் எல்லோர் முன்னிலையிலும் ‘இது போலி’ என்று அறிவிக்காதீர்கள். தனியே அழைத்துச் சொல்லி, கடையில் சேர்ந்து கிடக்கும் சாதாரணக் கார்டுகளில் டெக் ஒன்று கட்டி அன்றைக்கு இரவல் கொடுங்கள். இப்படி இரவல் கொடுப்பதற்கென்றே மூன்று நான்கு டெக் தயாராக வைத்திருப்பது, விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தைவிடப் பயனுள்ளது.

பதிவின்போதே டெக் பட்டியல் எழுதி வாங்கிக்கொண்டால், இடையில் கார்டு மாற்றினார்கள் என்ற சண்டைக்கு இடமிருக்காது. முதல் போட்டியில் பட்டியல் கேட்டு மிரட்ட வேண்டாம். கார்டு எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தால் போதும்.

கட்டணமும் பரிசும் எவ்வளவு?

தொகையைவிடப் பங்கீடு முக்கியம். ஓர் எளிய கணக்கு: கட்டணம் இரண்டு பூஸ்டர் பாக்கெட்டின் விலை, பரிசு வென்ற ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு பாக்கெட். பதினாறு பேர் என்றால் கட்டணமாக வருவது 32 பாக்கெட்டின் விலை. நான்கு சுற்றில் நடப்பதும் 32 மோதல்கள். வரவும் செலவும் தானாகவே சமமாகிவிடும். நான்கையும் வென்றவருக்கு நான்கு, மூன்று வென்றவர்களுக்கு மூன்று என்று போகும். எதுவும் வெல்லாத அந்த ஒருவருக்குக் கடையின் சார்பில் ஒரு பாக்கெட் கொடுங்கள். அது கணக்கில் சேராத செலவு, ஆனால் வீண்செலவு இல்லை. மொத்தப் பரிசையும் முதலிடத்துக்கே குவிக்கும் போட்டிகளில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், உள்ளூர்க்காரர்கள் அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

கடைக்கு என்ன மிஞ்சும் என்றால், ஸ்லீவ், டெக் பெட்டி, தனிக் கார்டு விற்பனைதான் மிஞ்சும்.

கடைசிச் சுற்றில் இருவர் பேசிவைத்துச் சமன் செய்துகொண்டால்?

மேஜிக்கிலும் போக்கிமானிலும் இருவர் ஒப்புக்கொண்டு சமன் செய்வதை விதி அனுமதிக்கிறது. யு-கி-ஓவில் அனுமதி இல்லை. ஆனால் எந்த விளையாட்டிலும், ‘நீ தோற்றால் பரிசில் பாதி தருகிறேன்’ என்று பேரம் பேசுவதும், யார் வென்றார் என்பதைப் பகடை உருட்டி முடிவு செய்வதும் கடுங்குற்றம். புதியவர்கள் நல்லெண்ணத்திலேயே இப்படிச் சொல்லிவிடுவதுண்டு. ஆகவே இந்த ஒரு விதியை மட்டும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

சிறுவர்களும் பெரியவர்களும் ஒரே போட்டியில் ஆடலாமா?

எட்டுப் பேர் வரும்போது பிரிக்க முடியாது, சேர்ந்தே ஆடட்டும். போக்கிமானில் ஜூனியர், சீனியர், மாஸ்டர் என்று வயதுப் பிரிவு உண்டு. சிறு கூட்டத்தில் ஒன்றாக ஆடவிட்டு, பரிசைப் பிரிவு வாரியாகக் கொடுக்கலாம்.

ஆட்டத்தைவிடக் கவனம் தேவைப்படுவது கார்டு பரிமாற்றத்தில்தான். தன் கையிலிருக்கும் கார்டின் மதிப்புத் தெரியாத குழந்தையிடம், பளபளக்கும் நான்கு கார்டைக் கொடுத்து விலையுயர்ந்த ஒன்றை வாங்கிக்கொள்ளும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் உண்டு. பதினான்கு வயதுக்குட்பட்டவரோடு பரிமாற்றம் செய்வதானால் பெற்றோரோ கடைக்காரரோ அருகில் இருக்க வேண்டும் என்பதைக் கடை விதியாக்குங்கள். கார்டு ஆல்பத்தை மேசை மேல் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதையும் தடுக்க வேண்டும். உணவு இடைவேளையில் பைகளைக் கல்லாவுக்குப் பின்னால் வாங்கி வைத்து எண் சீட்டுக் கொடுங்கள்.

ஜோடிகளைக் கையால் எழுதலாமா, மென்பொருள் வேண்டுமா?

எட்டுப் பேர் வரை நோட்டுப் புத்தகம் போதும். அதற்கு மேல் மென்பொருள். அங்கீகாரம் பெற்ற மேஜிக் கடைகளுக்கு ஈவென்ட்லிங்க், போக்கிமானுக்கு டாம், பந்தாய் விளையாட்டுகளுக்கு டிசிஜி பிளஸ் என்று உண்டு. அங்கீகாரம் இல்லாதவர்கள் சலாஞ்ச் தளத்தில் சுவிஸ் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். எதைப் பயன்படுத்தினாலும், இருவரும் கையெழுத்திட்ட முடிவுச் சீட்டை வாங்கி ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். இணையம் நின்றுபோனால் அந்தச் சீட்டுகளைக் கொண்டே அடுத்த சுற்றுக்கு ஜோடி போடலாம்.

சாப்பாடு?

மேசையில் தண்ணீர் மட்டும். பரோட்டா சாப்பிட்ட கையோடு யாரும் இன்னொருவர் டெக்கைக் கலைக்கக் கூடாது. கை கழுவும் இடத்தில் சோப்பும் துடைக்கும் துணியும் இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் போட்டி வைக்கலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வைக்கலாம், ஆனால் தள்ளிவைக்கும் நாளையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. இந்தக் கரையில் புயல் வருமா என்பதல்ல, எந்த வாரம் என்பதுதான் கேள்வி. வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்தால் முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் தள்ளிவைப்பை அறிவித்துவிடுங்கள். காலையில் அறிவித்தால் கடலூர்க்காரர்கள் அதற்குள் கிளம்பியிருப்பார்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பவருக்கு அன்றே திருப்பிக் கொடுங்கள், அடுத்த போட்டிக்கு வரவு வைப்பதாக வற்புறுத்த வேண்டாம். பூஸ்டர் பெட்டிகளைத் தரையிலிருந்து இரண்டாவது தட்டுக்கு மேலே ஏற்றி வைப்பது ஐப்பசி பிறந்ததுமே செய்ய வேண்டிய வேலை.

போட்டி முடிந்தபின் என்ன செய்ய வேண்டும்?

இறுதிப் பட்டியலை எல்லோருடைய புள்ளிகளோடும் அன்றிரவே குழுவில் இடுங்கள். சிறுவர்களின் புகைப்படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் இட வேண்டாம். மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள், ஸ்லீவோடு ஒரு கார்டாவது கிடைக்கும். அதைப் படம் எடுக்காமல் ‘ஒரு கார்டு கிடைத்துள்ளது, பெயரும் ஸ்லீவ் நிறமும் சொல்பவருக்குத் தரப்படும்’ என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த போட்டியின் தேதியை அந்தச் செய்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.